காத்திருப்பின் கணக்கு

கச்சிராயபாளையத்தில் இருக்கும் கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு அரவைப் பருவத்தில் கரும்பு எப்படி வந்து சேர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, இணையம் ஏன் திணறுகிறது என்பதை விளக்க அதிக நேரம் பிடிக்காது. வெட்டிய கரும்பு காத்திருக்கத் தாங்காது. நிற்க நிற்க எடை குறையும், சாற்றில் சர்க்கரை உடையும், பிழிதிறன் விழும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்பது ஆலைக்காரர்களும் விவசாயிகளும் ஒருசேர ஒத்துக்கொள்ளும் கணக்கு. அதற்காகத்தான் வெட்டு உத்தரவு. யார் வயலில் எப்போது அரிவாள் இறங்கலாம் என்பதை ஆலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த ஒழுங்கு குலைந்து எல்லோரும் ஒரே வாரத்தில் வெட்டிவிட்டால் டிராக்டர்கள் ஆலை வாசலைத் தாண்டிச் சாலையில் நிற்கும். அப்போது யார்டை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் என்ன நடக்கும்? சாலையில் நின்ற டிராக்டர்கள் யார்டுக்குள் நிற்கும். அரவை எந்திரம் அதே வேகத்தில்தான் ஓடும். கரும்பு உள்ளே நின்று காயும்.

இணையக் கருவிகளைச் செய்தவர்கள் வெகுகாலம் யார்டைத்தான் பெரிதாக்கிக்கொண்டே வந்தார்கள். நினைவகச் சில்லுகளின் விலை விழுந்தது. இருக்கட்டுமே என்று கூடுதலாகப் போட்டார்கள். எந்தப் பாக்கெட்டும் தொலைந்துபோகக் கூடாது என்பது நல்ல நோக்கமாகவும் தெரிந்தது. விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். நாம் அனுப்பும் படமோ கடிதமோ ஏறத்தாழ 1500 பைட் கொண்ட பாக்கெட்டுகளாகப் பிரிந்தே போகிறது. லினக்ஸில் ஓர் இணைப்புக்கு 1000 பாக்கெட்டுகள் நிற்கக்கூடிய வரிசை நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அந்த வரிசை நிறைந்தால் உள்ளே நிற்பது 1 கோடியே 20 லட்சம் பிட். மேலேறும் பாதை வினாடிக்கு 1 மெகாபிட் என்றால், கடைசியில் வந்து நின்ற பாக்கெட் வெளியேற 12 வினாடி ஆகும். அது ஒரு கல்யாண வீடியோவின் துணுக்காக இருக்கலாம். ஒரு மூதாட்டியின் கைரேகையைச் சரிபார்க்கச் சொல்லும் சின்னஞ்சிறு வேண்டுகோளாகவும் இருக்கலாம். வரிசைக்கு இரண்டும் ஒன்று. இணைப்பு அறுந்திருக்காது. வேகச் சோதனை போட்டால் 1 மெகாபிட் என்று சரியாகவே காட்டும். பேண்ட்வித் முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும். ஒருவருக்கும் வேலை நடந்திருக்காது.

அதே கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையில் இதை ‘நெட் சுத்துது’ என்று சொல்கிறார்கள். டவர் இருக்கிறது, போனில் இரண்டு பாயிண்ட் காட்டுகிறது, ஆனாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை இது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அரசின் நேரடி நிர்வாகம் மேலே ஏறியது. சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் அதன்பின் மெல்ல வந்தவை. பல ஊர்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேராதவை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை வட்டமும் இயங்குகிறது. இதற்குள் அரசின் பாதி வேலை திரைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு மனு போடுவது திரையில். ரேஷன் அரிசிக்குக் கைரேகை வைப்பது திரையில். நூறு நாள் வேலைக்குச் செயலி வழியாகப் படமெடுத்து வருகை பதிவது 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. நாளுக்கு இரண்டு படம்.

இந்தத் திரைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகும். பக்கம் சற்று நேரம் பதில் சொல்லாவிட்டால் உள்ளே நுழைந்தது ரத்தாகி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். கடிகாரத்தை வைத்தவர்கள் சென்னையிலோ டில்லியிலோ உட்கார்ந்து, எதிர்முனையில் இருப்பவருக்குப் பதில் உடனுக்குடன் போய்ச் சேரும் என்று எடுத்துக்கொண்டார்கள். மெதுவான இணைப்பை அந்தக் கடிகாரம் பெரும்பாலும் மன்னித்துவிடும். ஒரு நொடி சட்டென்று பதில் தந்து அடுத்த நொடி பத்து வினாடிக்கு மூச்சே விடாத இணைப்பை அது மன்னிக்காது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேகக் குறைவைவிட ஏற்ற இறக்கமே மனிதர்களை அதிகம் அலைக்கழிக்கிறது. மெதுவான பேருந்துக்குக் கிளம்பும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள முடியும். எப்போது வரும் என்று தெரியாத பேருந்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

மலைமேல் எனக்குத் தெரிந்த ஒரு சேவை மையம் இருக்கிறது. ஒரே அறை, இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், சுவரில் 4ஜி ரவுட்டர், வெளியே மூங்கிலில் கட்டிய ஆன்டெனா. நடத்துபவர் பட்டப்படிப்பு முடித்த உள்ளூர் இளைஞர். வருபவர்களின் போனுக்கும் வைஃபை கொடுக்கிறார். கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது, எல்லோரும் உறவுமுறை. யாரும் எதுவும் செய்யாதபோது அங்கிருந்து ஒரு பிங் அனுப்பினால் ஐம்பது அறுபது மில்லிசெகண்டில் திரும்பிவரும். வேலைத்தளத்திலிருந்து வந்த ஒருவரின் போன் சேர்த்து வைத்திருந்த படங்களை மேலேற்றத் தொடங்கியதும் அதே பிங் இரண்டு மூன்று வினாடிக்குப் போய்விடும். படம் மேலே போகிறது, கணினியில் பக்கம் கீழே இறங்க மறுக்கிறது. இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்டார். தொடர்பு உண்டு. கீழே இறங்கும் பாக்கெட்டுகளுக்கெல்லாம் ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புதல் மேலே போக வேண்டும். அந்த ஒப்புதல்கள் படங்களின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. ஒப்புதல் வராதவரை எதிர்முனை அடுத்த தவணையை அனுப்பாது. மேலேறும் பாதை அடைபட்டால் இறங்கும் பாதையும் சேர்ந்து நின்றுபோகிறது.

இந்த நோய் புதிதல்ல. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே வெறும் 400 கஜம். எல்லோரும் வேண்டியதைவிட வேகமாக அனுப்பியதும், போய்ச் சேராததைத் திரும்பத் திரும்ப அனுப்பியதும்தான் காரணம். வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய தீர்வுதான் இன்றைக்கும் இணையத்தைத் தாங்கி நிற்கிறது: பாக்கெட் தொலைந்தால் பாதை நெரிசலாகிவிட்டது என்று பொருள், அனுப்புபவர் தானாகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். யாரும் மேலிருந்து கட்டளையிடுவதில்லை. ஒவ்வொருவரும் இழப்பைப் பார்த்துத் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய பொது ஏற்பாடு ஒன்று இப்படி ஒரு தன்னடக்கத்தின் மேல் நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பெரிய வரிசை இந்த ஏற்பாட்டின் கண்ணைக் கட்டிவிட்டது. இழப்புதான் செய்தி. யார்டு பெரிதாக இருந்தால் இழப்பே நிகழாது, எல்லாம் உள்ளே போய் நிற்கும். செய்தி போகாததால் அனுப்புபவர் இன்னும் அனுப்புவார். 1985லேயே ஜான் நாகிள், எல்லையில்லாத நினைவகம் கொண்ட வலையும் நெரிசலில் செயலிழக்கும் என்று எழுதி எச்சரித்திருந்தார். கேட்டவர்கள் குறைவு. 2010இல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் ஒரு பெரிய கோப்பை அனுப்பும்போது மற்றதெல்லாம் நின்றுபோவதைத் துருவிப் பார்த்து, உலகமெங்கும் ரவுட்டரிலும் மோடத்திலும் இதே வீக்கம் இருப்பதைக் கண்டார். பஃபர்புளோட் என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரிசையின் நீளத்தைப் பார்த்து முடிவெடுக்கும் முறைகள் 1990களிலேயே இருந்தன. அவற்றைச் சரியாகத் திருகி வைப்பது எவருக்கும் எளிதாக இல்லை. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறை கேள்வியையே மாற்றியது. எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று அது கேட்பதில்லை. இந்தப் பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்கிறது. திடீரென்று சேர்ந்து உடனே கரையும் வரிசையால் தீங்கில்லை. எந்திரம் சும்மா ஓடாமல் இருக்க அது வேண்டும்கூட. 100 மில்லிசெகண்ட் முழுவதும் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால்தான் அது நிலைத்துவிட்ட வரிசை. அப்போது ஒரு பாக்கெட்டை வெளியே எறிந்துவிடுகிறது. வரிசை இன்னும் கரையவில்லை என்றால் அடுத்ததைச் சற்று விரைவாக. ஒன்றைக் காலத்தில் இழந்து அனுப்புபவருக்கு உண்மையைச் சொல்லிவிடுவது, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தாமதப்படுத்துவதைவிட நேர்மையானது என்று எனக்குப் படுகிறது.

அதே 2012இல் எரிக் டூமசே இந்த முறையையும், பாக்கெட்டுகளை 1024 தனி வரிசைகளாகப் பிரித்து முறைவைத்து வெளியே விடும் முறையையும் சேர்த்து லினக்ஸ் 3.5இல் கொண்டுவந்தார். எஃப்க்யூ கோடெல் என்று பெயர். பெரிய படத்தின் பாக்கெட்டுகள் ஒரு வரிசையில் நிற்க, கைரேகை வேண்டுகோள் வேறு வரிசையில் வந்து உடனே வெளியேறிவிடும். இந்த வேலையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் டேவ் டாட். நிகரகுவாவில் வயர்லெஸ் வலை அமைக்கப்போய் இந்த நோயில் மாட்டிக்கொண்டவர். மலிவான ரவுட்டர்களில் ஓடும்படி இதையெல்லாம் சோதித்துத் திருத்தி, யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு, 2025 ஏப்ரல் 1இல் இறந்துபோனார். நம்மூரில் வீடியோ அழைப்பில் பேசும் எத்தனையோ பேர் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். பெயர்கூட நமக்குத் தெரியாது.

இன்று பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் எஃப்க்யூ கோடெல் கேட்காமலே ஓடுகிறது. பிறகு ஏன் மலைமேல் இருக்கும் அந்தச் சேவை மையத்தில் நெட் சுற்ற வேண்டும்? வரிசை நம் கணினியில் இல்லை என்பதுதான் விடை. கணினியிலிருந்து ரவுட்டருக்கு நூறு மெகாபிட்டில் போய்விடுகிறது. அங்கே காத்திருப்பே இல்லை. ரவுட்டரிலிருந்து டவருக்கு ஏறும் இடத்தில் பாதை சுருங்குகிறது. வரிசை அந்த மோடத்துக்குள், நம் கை எட்டாத நிரலுக்குள் நிற்கிறது. அதை நம் கைக்குக் கொண்டுவர ஒரே வழிதான் இருக்கிறது. மோடம் அனுப்பக்கூடியதைவிடச் சற்றுக் குறைவாகவே நாம் அதற்குக் கொடுக்க வேண்டும். அப்போது மோடத்தின் வரிசை காலியாகவே இருக்கும். காத்திருப்பெல்லாம் நமக்கு முன்னாலேயே, நாம் ஒழுங்குபடுத்தக்கூடிய இடத்தில் நடக்கும். டிராஃபிக் ஷேப்பிங் என்பதன் சாரம் இதுதான். வெட்டு உத்தரவை அரவைத் திறனுக்கு ஒரு படி கீழே வைப்பது.

அந்த மையத்தில் ஒரு பழைய கணினியை நடுவில் வைத்து, லினக்ஸின் டிசி கருவியில் கேக் என்ற முறையைப் போட்டு, அளந்து பார்த்த வேகத்தில் எண்பத்தைந்து தொண்ணூறு சதவீதத்தை எல்லையாக எழுதினோம். மையம் நடத்தும் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, “இருக்கறதே கொஞ்சம், அதுலயும் கொறைக்கணுமாண்ணா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கையில் உள்ளதில் பத்தில் ஒன்றை விட்டுக்கொடு என்று, ஏற்கெனவே எல்லாம் குறைவாகவே கிடைத்துவரும் ஓர் ஊரில் போய்ச் சொல்வது எளிதல்ல. ஆனால் அந்த ஒரு பங்குதான் மற்ற ஒன்பதையும் பயன்படும்படி வைக்கிறது. படங்கள் மேலேறிக்கொண்டிருக்கும்போதே பிங் நூறு மில்லிசெகண்டைச் சுற்றி நின்றது. படங்கள் முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போயின. அதை யாரும் கவனிக்கவில்லை.

திருகி வைப்பதில் நுணுக்கங்கள் உண்டு. தெரியாமல் செய்தால் எல்லை போட்ட பிறகும் இணைப்பு வெட்டி வெட்டியே இழுக்கும். மார்ட்டின் டெவெரா எழுதி 2002இல் லினக்ஸ் 2.4.20இல் சேர்ந்த எச்டிபி என்ற ஷேப்பிங் முறை, அனுமதியை டோக்கன்களாக எண்ணுகிறது. அனுப்பாத நேரத்தில் டோக்கன் சேரும், பர்ஸ்ட் என்ற அளவு வரைக்கும். பர்ஸ்ட்டைத் தாராளமாக வைத்துவிட்டால், சும்மா இருந்த இணைப்பு விழித்தவுடன் ஒரு மொத்தையாக அனுப்பிவிடும். சராசரி சரியாக இருக்கும், மோடத்தின் வரிசை நிரம்பியிருக்கும். மிகக் குறைத்து வைத்தால் கர்னலின் டைமர் எழும் இடைவெளிக்குள் டோக்கன் தீர்ந்து, எழுதிய வேகமே கிடைக்காது. 2018இல் லினக்ஸ் 4.19இல் வந்த கேக் இந்தச் சேமிப்பையே வைத்துக்கொள்வதில்லை; அடுத்த பாக்கெட் எந்தக் கணத்தில் போக வேண்டும் என்று மட்டும் கணக்கிடுகிறது. மெல்லிய இணைப்புகளுக்கு நான் அதையே சொல்வேன்.

இன்னொன்று, கணினி தன் வேலையைக் குறைக்கப் பல பாக்கெட்டுகளை ஒட்டி 64 கிலோபைட் வரைக்கும் ஒரே கட்டாக அனுப்புவது. 10 மெகாபிட் பாதையில் அந்தக் கட்டு 52 மில்லிசெகண்ட் பாதையை அடைத்துக்கொள்ளும். 1 மெகாபிட்டில் அரை வினாடி. கேக் அதை உடைத்துவிடும். எச்டிபி வைத்திருப்பவர்கள் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். இறங்கும் திசைக்கு ஐஎஃப்பி என்ற போலி இணைப்பின் வழியே எல்லை போட வேண்டியிருக்கிறது. அங்கே நம் அதிகாரம் குறைவு. வந்து சேர்ந்துவிட்டதைத்தான் நாம் தடுக்க முடியும் என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக விட்டுக்கொடுக்க நேரும்.

மலையில் இதற்கும் மேலே ஒரு சிக்கல். ஃபைபரிலோ செம்புக் கம்பியிலோ பாதையின் அகலம் ஏறத்தாழ மாறாது. ஒருமுறை அளந்து எழுதிவிடலாம். 4ஜியில் அது மணிக்கு மணி மாறும். மாலையில் வேலை முடிந்து எல்லோரும் போனை எடுத்தால் டவர் பங்கு போட்டுக் கொடுக்கிறது. மழை பெய்தால், மேகம் இறங்கினால், டவரில் கரண்ட் போய் பேட்டரி தளர்ந்தால் வேறு நிலை. காலையில் அளந்த எண்ணை மாலையில் எல்லையாக வைத்தால் வரிசை மறுபடியும் மோடத்துக்கே போய்விடும். போதாததற்கு, காற்றில் தொலைந்ததை ரேடியோ அடுக்கே திரும்ப அனுப்பிச் சரிசெய்துவிடுவதால் இழப்பு மறைந்து தாமதமாக உருமாறுகிறது. கேக் ஆட்டோரேட் என்ற நிரலை எழுதியவர்கள் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அது சில தொலைதூர முகவரிகளுக்கு இடைவிடாமல் பிங் அனுப்பிக்கொண்டிருக்கும். பதில் வர நேரமானால் எல்லையைக் கீழே இறக்கும். பாதை நிறையப் பயன்பட்டும் தாமதம் ஏறவில்லை என்றால் மெல்ல உயர்த்தும். எல்லையை உயர்த்துவதில் நிதானம், இறக்குவதில் உடனடி. அடிமட்ட எண்ணை நாம் உள்ளூர் அனுபவத்தை வைத்து எழுத வேண்டும், அதற்குக் கீழே எது வந்தாலும் போகக் கூடாது என்று.

ஏற்ற இறக்கமுள்ள இணைப்பை நிதானப்படுத்த உழைத்ததற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய முன்னுதாரணம் தேனியில் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் பார்வை மையங்கள் அமைத்தபோது, மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, தேனி மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் நோயாளியோடு பேச வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் நடத்திய டியர் குழுவின் ராபின் பத்ரா, செர்ஜியு நெடெவ்ஸ்கி, சோனேஷ் சுரானா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் முதலியோர் அதற்காக நீண்டதூர வைஃபையை எடுத்துக்கொண்டார்கள். சாதாரண வைஃபை அட்டை, லினக்ஸ் ஓடும் சிறு பலகை, உயரக் கம்பத்தில் ஆன்டெனா. வைஃபை ஓர் அறைக்காகச் செய்யப்பட்டது. பல கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் பேசுவது காதில் விழாமல் இவரும் பேசிவிடுவார். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒப்புதல் வரக் காத்திருந்தே நேரம் கழியும். ஒப்புதல் தாமதித்தால் தொலைந்தது என்று எண்ணித் திரும்ப அனுப்பும்.

அந்தக் குழு போட்டி போட்டுப் பேசும் முறையை எடுத்துவிட்டு இரு முனைக்கும் காலத்துண்டுகளைப் பிரித்துக் கொடுத்தது, ஒப்புதல்களைத் தொகுத்து அனுப்பியது. வைல்ட்நெட் என்ற பெயரில் 2007இல் வெளியான அவர்கள் ஆய்வு, கிடைக்கும் வேகம் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு உயர்ந்ததைக் காட்டியது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அடுத்த ஆண்டு அவர்கள் எழுதியது. இப்படிப்பட்ட வலைகளைச் சாகாமல் வைத்திருப்பது எப்படி என்பது பற்றிய கட்டுரை அது. பழுதுகளுக்குக் காரணமாக அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது மின்சாரத்தின் தரம். ஏறி இறங்கும் வோல்டேஜ் பலகைகளைக் கெடுத்தது. நெறிமுறையை எவ்வளவு நுட்பமாக எழுதினாலும், கரண்ட் கம்பியையும் உள்ளூரில் பழுது பார்க்கத் தெரிந்த ஓர் ஆளையும் சேர்த்து யோசிக்காவிட்டால் நிதானம் வராது. கல்வராயனுக்கு இதைச் சொல்ல வேறு ஊரின் ஆய்வு தேவையில்லை என்றாலும், ஆய்வாளர்கள் தங்கள் வெற்றியை எழுதிய கையோடு இதையும் எழுதினார்கள் என்பதை மதிக்கிறேன்.

நிதானம் வந்த பிறகு எழும் கேள்வி, யாருக்கு எவ்வளவு என்பது. 1989இல் ஆலன் டெமர்ஸ், எஸ். கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் நியாயமான வரிசை என்பதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். நாகிள் தொடங்கிவைத்த யோசனையின் முதிர்ந்த வடிவம் அது. ஆனால் பங்கு எதற்கு? ஒவ்வொரு தொடர்புக்கும் சம பங்கு என்றால், ஒரே நேரத்தில் முப்பது தொடர்பு திறக்கும் பதிவிறக்கச் செயலிக்கு முப்பது பங்கு போய்விடும், சான்றிதழ்ப் பக்கத்துக்கு ஒன்று. கேக் முதலில் ஆளுக்கு, அதாவது கருவிக்குச் சம பங்கு கொடுத்து, பிறகு அந்தக் கருவிக்குள் தொடர்புகளுக்குப் பிரிக்கிறது. ஒருவர் எத்தனை கை நீட்டினாலும் பங்கு ஒன்றுதான். வைஃபையின் காற்றிலும் இதே அநியாயம் உண்டு. ரவுட்டருக்கு எட்டத்தில், வாசலுக்கு வெளியே நிற்கும் போன் மெதுவான வேகத்தில் பேசுவதால் காற்றில் அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளும். டோகே ஹொய்லாண்ட்-யோர்கென்சனும் தோழர்களும் 2017இல் வெளியிட்ட வேலை, லினக்ஸ் வைஃபையில் பாக்கெட் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் காற்றின் நேரத்தைச் சமமாகப் பங்கிட வழிசெய்தது.

எச்டிபி வைத்திருக்கும் பலர் வகுப்புப் பட்டியல் எழுதுவார்கள்: அரசுத் தளங்களுக்கு முதல் வகுப்பு, வாட்ஸ்அப்புக்கு இரண்டாவது, வீடியோவுக்குக் கடைசி. எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஒரு கல்லூரி மாணவி பாடத்தைப் பார்ப்பதும் வீடியோதான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன கணவனோடு ஒரு பெண் பேசுவதும் வாட்ஸ்அப்தான். எது முக்கியம் என்று பட்டியல் எழுதும் உரிமையை யாரிடமும் கொடுக்காமல் ஆளுக்குச் சம பங்கு வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தன் பங்கை என்ன செய்வது என்று தானே முடிவு செய்யட்டும் என்பதே சரி. மருத்துவ ஆலோசனை, தேர்வு போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் குறைந்தபட்ச உறுதி வைக்கலாம். எச்டிபியின் ரேட், சீல் என்ற இரண்டு எண்களும் அதற்குத்தான், இவ்வளவுக்குக் குறையாது, மிச்சம் இருந்தால் இதுவரை ஏறலாம் என்று. தொலைபேசி நிறுவனம் தன் பக்கத்தில் வைத்திருப்பதும் இதே வகைக் கருவிதான். ஒரே கருவியால் வரிசையைக் கரைக்கவும் முடியும், பிடிக்காத தளத்தை மூச்சுத்திணற வைக்கவும் முடியும். 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைப்பதைத் தடை செய்ததும், 2018இல் மத்திய அரசு வலைச் சமநிலைக் கொள்கையை ஏற்றதும் இந்த நாட்டு மக்கள் குரல் கொடுத்துப் பெற்றவை. ஷேப்பிங் பற்றி எழுதும்போது அதை மறக்கக் கூடாது. வரிசையை ஆளும் கை, முடிந்தவரை, வரிசையில் நிற்பவர்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் இல்லாத பேண்ட்வித்தை உண்டாக்கிவிடாது. 2 மெகாபிட் 2 மெகாபிட்டாகவே இருக்கும். கேக் போட்டுவிட்டோம், இனி டவர் எதற்கு என்று எவராவது கேட்டால் அது அநியாயம். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோவது தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் பொறுப்பு. நாடெங்கும் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு பிஎஸ்என்எல் வழியே டவர் அமைக்க 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இரண்டும் கல்வராயனில் ஒவ்வொரு சிற்றூருக்கும் முழுதாக ஏற வேண்டும். ஏறிய பிறகும் எங்காவது ஓரிடத்தில் பாதை சுருங்கும். வரிசை அங்கே போய் நிற்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

டவர் திறக்கும்போது அறிவிக்கப்படுவது மெகாபிட் மட்டும். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் தர விதிகளில் தாமதத்துக்கும் வரம்பு இருக்கிறது, நல்ல முன்னேற்றம். இனி அதை நெரிசலான நேரத்தில், மேலேறும் பாதை நிறைந்திருக்கும்போது அளந்து, ஊர் வாரியாக வெளியிட வேண்டும். குரல் உரையாடல் இயல்பாக இருக்க ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பழைய அளவுகோல். ஒப்பிட அது போதும். இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். மாலை ஏழு மணிக்கு ஒரு போனில் படங்கள் மேலேறிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கணினியிலிருந்து பிங் போட்டு, வரும் எண்ணைத் தேதியோடு எழுத வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் சேவை மையம் நடத்தும் இளைஞர்கள் இதை நாளைக்கே தொடங்கலாம். ஒரு மழைக்காலத்துக்கும் ஒரு கோடைக்கும் சேர்ந்துவிட்டால் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாள் கூட்டத்துக்கு மனுவோடு எடுத்துப்போக அவர்கள் கையில் கணக்கு இருக்கும்.